படத்துக்கு அடியில் எழுதியது

எங்கள் கடையில் சேலை வாங்கியவரையும் வாசலில் நிறுத்தி, பையைத் திறந்து பார்த்து, பில்லில் ஓட்டை போட்ட பிறகுதான் வெளியே விடுவோம். தி. நகரில் பெரிய துணிக்கடைகள் எல்லாவற்றிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் என் மாமனார் அந்த ஓட்டை போடுகிற ஆளைக் கவனிக்க இன்னொரு ஆளையும், அந்த இரண்டு பேரையும் கவனிக்க ஒரு கேமராவையும் வைத்திருந்தார். கல்யாணமாகித் தெற்கிலிருந்து வந்த புதிதில் இதையெல்லாம் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும். ஏழெட்டு வருடத்தில் எனக்கும் அதே கண் வந்துவிட்டது. யாராவது வலிய வந்து அன்பாகப் பேசினால், இவளுக்கு என்ன வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும்.

அப்படிப்பட்ட குடும்பத்துக்குத்தான் அந்த வக்கீல் நோட்டீஸ் வந்தது.

மயிலாப்பூரில் ஒரு அம்மாள். இரண்டு கண்ணும் பிறவியிலேயே தெரியாது. வங்கியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளின் வளைகாப்புக்கு எங்கள் இணையதளத்தில் ஒரு கறுப்புப் பட்டுச் சேலை வாங்கப் பார்த்திருக்கிறார். முதல் பக்கத்தையே தாண்ட முடியவில்லை. பார்வையில்லாதவர்களும் வாங்கும்படி தளத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புகார் கொடுப்போம் என்று வக்கீல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நான் படித்து மாமாவுக்குத் தமிழில் சொன்னேன்.

“எவ்வளவு ரூவா கேக்குதா?” என்றார் மாமா.

“ஒண்ணும் கேக்கல மாமா. நஷ்ட ஈடு எதுவும் போடல.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “காசு கேட்டா நம்பலாம். கேக்காதவள நம்பப்படாது. எலி ஒண்ணும் சும்மா அம்மணமா ஓடாது. எதுத்த கடைக்காரன் வேலையான்னு பாரு.”

அந்த இணையதளம் என்னுடையது. எங்கள் குடும்பத்துப் பெண்கள் சேலை விற்கும் மாடிகளில் நிற்பதில்லை. கல்லாவில் உட்காரலாம், அவ்வளவுதான். கொள்முதலுக்காகப் பாதி மாதம் காஞ்சிபுரம், ஆரணி என்று அலைகிற என் கணவரை விட்டுக் கேட்கச் சொல்லி, பிறகு நானே கேட்டு, ஐந்து வருடம் கெஞ்சிய பிறகு மூன்றாம் மாடியில் ஸ்டாக் ரூமின் ஓரமாக ஒரு மேசை கிடைத்தது. அந்த மேசையிலிருந்துதான் தளத்தை நடத்தினேன். மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

“கடைக்குள்ள வாரவன் முருகனப் பாக்காம வரமாட்டான். கம்ப்யூட்டர்ல மட்டும் எப்படி வருவான்?”

ஆகவே தளத்தைத் திறந்ததும் திரை முழுக்க முருகன் படம் வரும். கீழே ஒரு குத்துவிளக்கு. விளக்கைத் தொட்டால் படம் விலகிக் கடை திறக்கும். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வாடிக்கையாளர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே வருவதாக எழுதினார்கள். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் அந்த அம்மாளின் போனோ, ‘படம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நின்றுவிட்டதாம். விளக்கு இருப்பதும், அதைத் தொட வேண்டும் என்பதும் காதால் கேட்கிறவருக்குத் தெரிய வழியில்லை.

“சாமி படத்த எடுக்கச் சொல்லுதாளோ?” என்று மாமா அடுத்த சந்தேகத்துக்குப் போனார். “இந்தா பாரு. இது வழக்கு வம்புன்னு வளந்துச்சுன்னா அந்த வெப்சைட்ட இழுத்து மூடிட்டு, நீ கீழ கல்லாவுக்கு வந்துரு.”

கல்லாவில் உட்கார்ந்து மற்றவர் எடுத்த சேலைக்குப் பில் போடுவதும், மாமாவுக்கு மணிக்கு ஒரு தரம் மோர் அனுப்புவதுமாக இனி முப்பது வருடம். யாரோ ஒரு மயிலாப்பூர் அம்மாள் என் மேசையைப் பிடுங்கப் பார்க்கிறாள் என்று தோன்றியது. கோபம் வந்தது. கோபம் வந்த பிறகு சந்தேகத்துக்குக் கேட்கவா வேண்டும்?

எனக்கென்று தனியாக ஒரு துப்பும் இருந்தது. வளைகாப்புக்கு எவளாவது கறுப்புச் சேலை எடுப்பாளா? எங்கள் ஊரில் அப்படிச் செய்தால் பெரியவர்கள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொள்வார்கள். பொய் சொல்கிறவள் இந்த இடத்தில் சறுக்கிவிட்டாள் என்று நினைத்தேன். சமயம் வரும்போது போட்டு உடைக்கலாம் என்று மாமாவிடம் கறுப்பு என்பதை மட்டும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து மயிலாப்பூர் போனேன். குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். கீழே வாட்ச்மேனிடம், அந்த அம்மாவுக்கு நிஜமாகவே கண் தெரியாதா என்று கேட்டேன்.

“இன்னா மேடம், இப்டி கேட்டுட்டே? டெய்லி காலைல தனியாதான் கோயிலுக்குப் போய்க்கினு வருது. இந்தத் தெருவுல எங்க பள்ளம் கீது, எங்க மேடு கீதுன்னு நம்மளவிட அதுக்குத்தான் நல்லாத் தெரியும்.”

தனியாகப் போய் வருகிறாள், பள்ளம் தெரிகிறது. நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

அந்த அம்மாளே கதவைத் திறந்தார். கடையிலிருந்து வருகிறேன் என்றதும், “நோட்டீஸ் கெடச்சுதா? உக்காருங்கோ” என்றார். சிவந்த உடம்பு, நெற்றியில் நேர்த்தியான குங்குமம். அது எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடி பார்க்காமல் இவ்வளவு நடுவில் எப்படி வைக்க முடியும்? கையில் போன் இருந்தது. அதன் திரை கறுப்பாக அணைந்துகிடந்தது. அணைந்துகிடந்த போனில் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது என்னவோ மின்னல் வேகத்தில் முணுமுணுத்தது. நாடகம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பார்க்கிறவருக்குத்தான் திரை வேண்டும், கேட்கிறவருக்கு எதற்கு என்பது எனக்கு உறைக்கவில்லை.

“வேற எத்தனையோ கடை இருக்கேம்மா. அங்க வாங்கிக்கலாமே?” என்றேன்.

“வாங்கிக்கலாமே. அந்தக் கடைக்காராளைக் கேட்டா உங்க கடையில வாங்கிக்கச் சொல்றா.”

“அப்ப நேரா கடைக்கு வாங்க. நானே கூட இருந்து நல்லதா எடுத்துத் தர்றேன்.”

“அதான் வேண்டாங்கறேன்” என்றார். “என் கல்யாணப் புடவையிலேர்ந்து இதோ இப்பக் கட்டிண்டிருக்கறது வரைக்கும் யாரோ ஒருத்தர் பாத்து, இது நன்னாருக்குன்னு சொன்னதுதான். சொன்னது நெஜமான்னுகூட எனக்குத் தெரியாது. என் பொண்ணுக்கு இப்போ நாலு மாசம். ஆயுசுல இந்த ஒரு புடவைய நானே எடுக்கணும், யாரையும் கேக்காம. அவளைக்கூடக் கேக்கமாட்டேன்.”

ஒத்திகை பார்த்த பேச்சு என்று எனக்குப் பட்டது. அவ்வளவு கோர்வையாக இருந்தது.

அவர் பக்கவாட்டில் திரும்பி போனைச் சார்ஜரில் செருகினார். முன்னால் சின்ன மேசையில் அவர் குடித்து வைத்த எவர்சில்வர் டம்ளர் இருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை ஒரு சாண் தள்ளி வைத்தேன். ஏன் செய்தேன் என்று இப்போதும் நினைத்தால் கூசுகிறது. அவர் திரும்பி, டம்ளர் முன்பு இருந்த இடத்துக்குக் கையைக் கொண்டுபோனார். வெற்றிடம். கை அப்படியே மேசையோடு நழுவிப் போய் டம்ளரைப் பிடித்தது. நிதானமாகத் தண்ணீரைக் குடித்தார்.

“எல்லாரும் ஒரு தடவை நகர்த்திப் பாப்பா. பரவால்ல” என்றார்.

முகம் சுண்டிப்போய் எழுந்து வந்துவிட்டேன். வெட்கம் தி. நகர் வரைக்கும் கூட இருந்திருந்தால் நான் நல்லவள். அது லஸ் முனையைத் தாண்டுவதற்குள் கரைந்துவிட்டது. பார்வை இல்லாதவளுக்கு நான் டம்ளரை நகர்த்தியது எப்படித் தெரியும்? எவர்சில்வர் டம்ளர் மேசையில் உரசினால் சத்தம் வரும் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

நோட்டீஸுக்குப் பதில் போட மாமா விடவில்லை. பதில் போட்டால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். அதன் பலனாகப் புகார் போய், இரண்டு மாதத்தில் கே.கே. நகர்ப் பக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு அரசு அலுவலகத்துக்கு விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பிறகுதான் நான் என் கல்லூரித் தோழியை அழைத்தேன். கொட்டிவாக்கத்தில் வீட்டிலிருந்தபடியே இந்த மாதிரித் தளங்களைப் பார்த்துக்கொடுக்கிறவள். எங்கள் தளத்தைக் கட்டியதும் அவள்தான்.

“ஒவ்வொரு படத்துக்கு அடியிலயும் அது என்னன்னு எழுதணும்டி” என்றாள். “கண்ணால பாக்கறவங்களுக்கு அந்த எழுத்து தெரியாது. பாக்காதவங்களுக்கு போன் அதைப் படிச்சுச் சொல்லும். உன் முருகனுக்கு அடியில நான் ஒண்ணுமே எழுதல. தப்பு என் பேர்லதான்.”

“சாமியை எடுக்க வேண்டாமா?”

“எதுக்குடி எடுக்கணும்? ரெண்டு வரி எழுதினாப் போதும்.”

மாமாவைக் கேட்டு, ‘முருகன் துணை. விளக்கைத் தொட்டு உள்ளே வாருங்கள்’ என்று எழுதினோம். அவருக்குச் சந்தோஷம்தான். “கண்ணு தெரியாதவங்க காதுலயும் முருகன் பேரு விழும்லா” என்றார். ஆனால் வாசலைத் தாண்டினால் உள்ளே அறுநூறு சேலைக்கும் வெறும் படம், வெறும் எண். அறுநூறுக்கும் நானே உட்கார்ந்து எழுதினேன். மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு பார்டர், உடலெங்கும் சின்னப் பூவாகப் புட்டா. கிளிப்பச்சை, மயில் கழுத்து, வெங்காயத்தோல். நாலு நாள் கழுத்து ஒடிய எழுதினேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

கறுப்புப் பட்டு மூன்று இருந்தது. அதற்கு வந்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

கண்ணுக்குத் தெரியாத எழுத்து. பார்வையற்றவருக்கு மட்டுமே கேட்கிற எழுத்து. இதைவிட நல்ல பொறி எங்கே கிடைக்கும்? மூன்று கறுப்புக்கு அடியிலும் ‘அடர் ஊதா’ என்று எழுதினேன். கிறிஸ்தவக் கல்யாணங்களுக்கு எடுக்கும் வெள்ளைப் பட்டு ஒன்று இருந்தது. அதற்கு அடியில், ‘கறுப்புப் பட்டு, சிவப்பு பார்டர், தங்க ஜரிகை’ என்று எழுதினேன். கண் தெரிந்துகொண்டே நடிக்கிறவள் என்றால் உண்மையான கறுப்பைத் தொடுவாள், இல்லாவிட்டால் எதையுமே தொடமாட்டாள். நிஜமாகவே தெரியாது என்றால் வெள்ளையில் வந்து விழுவாள். விழுந்தால் ஆர்டரைப் பார்த்ததும் கூப்பிட்டுச் சொல்லி மாற்றிக் கொடுத்துவிடலாம், யாருக்கு என்ன நஷ்டம்? இப்படித்தான் கணக்குப் போட்டேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு அன்று இரண்டு காபி குடித்தேன்.

தளத்தைச் சரிசெய்துவிட்டோம் என்று அலுவலகத்துக்கும் அவருடைய வக்கீலுக்கும் எழுதிப் போட்டேன். தினமும் காலையில் ஆர்டர்களைத்தான் முதலில் பார்ப்பேன். விசாரணை நாள் வரை அந்த வெள்ளைச் சேலைக்கு மயிலாப்பூரிலிருந்து ஒன்றும் வரவில்லை. அதனால் கண் தெரிகிறது என்று முடிவு கட்டினேன். அதிகாரி முன்னால் திறந்து பார்க்கும் வரை தளத்தைத் தொடாதீர்கள் என்று அவருடைய வக்கீல் சொல்லி வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

விசாரணை அன்று மாமாவும் நானும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிர்ப் பெஞ்சில் அந்த அம்மாள், வக்கீல், பக்கத்தில் மகள். ஏழு மாத வயிறு. வயிறு பொய் சொல்லாது. எனக்கு முதல் முறையாக உள்ளே ஏதோ இடறியது. மாமா கையில் புகாரின் தமிழ்ப் பிரதியைக் கொடுத்திருந்தார்கள். அவர் உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றார்.

“கறுப்புப் பட்டா கேட்டிருக்கா? இத ஏன் நீ சொல்லல?”

“அதான் மாமா இடிக்குது. வளைகாப்புக்கு யாராவது கறுப்பு எடுப்பாங்களா?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “கடைக்காரன் மருமகளா நீ? ஐயமாரு வழக்கத்துல வளைகாப்புக்குக் கறுப்புதான் கட்டுவாங்க. மசக்கைக் கறுப்புன்னு பேரு. வேண்டி எடுப்பாங்க. ரெண்டாம் மாடில அதுக்குன்னே ஒரு அலமாரி இருக்குலா.”

அந்த மாடியில் ஒரு நாளாவது நின்று விற்றிருந்தால் தெரிந்திருக்கும். எனக்கு அந்தப் பெஞ்சே கீழே இறங்கியது. போனை எடுத்துத் தளத்தின் உள்பக்கத்தைத் திறக்கப் பார்த்தேன். கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தேன், மறுபடி அடித்தேன். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் எங்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அதிகாரி அமர்ந்து, வணக்கம் சொல்லி, பெயர்களைச் சரிபார்த்து முடிப்பதற்குள் நூறு தடவை சொல்லியிருக்கலாம். சொன்னால் என் மேசை போய்விடும். வேறு எதையாவது எடுக்கட்டும், நேரமில்லை என்று இன்னொரு நாளைக்குத் தள்ளட்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

“எல்லாம் சரி செஞ்சாச்சுன்னு சொல்றாங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்கம்மா. திரையையும் போடுங்க, நாங்களும் பாக்கணும்” என்றார் அதிகாரி.

அந்த அம்மாள் திரையை ஒளிரச் செய்து, போனை மேசை நடுவில் வைத்து, எல்லாருக்கும் புரியும்படி பேச்சின் வேகத்தைக் குறைத்தார். முருகன் துணை, விளக்கைத் தொட்டு உள்ளே வாருங்கள் என்றது போன். அவர் முகம் மலர்ந்தது. விரல் தடவத் தடவ, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில் கழுத்து என்று நான் எழுதியதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. “அழகா எழுதிருக்கேள்” என்று நான் இருந்த பக்கம் திரும்பிச் சொன்னார்.

“கறுப்புப் பட்டு, சிவப்பு பார்டர், தங்க ஜரிகை” என்றது போன்.

அவர் விரல் நின்றது. இன்னொரு தடவை கேட்டார். “இதான். இதைத்தான் எடுக்கப்போறேன்” என்றார்.

திரையில் தூய வெள்ளைப் பட்டு விரிந்திருந்தது. அதிகாரி பார்த்தார். வக்கீல் பார்த்தார். மகள் பார்த்து, வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டாள். மாமா திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“ஏன் எல்லாரும் பேசாம இருக்கேள்?” என்றார் அந்த அம்மாள்.

“அது வெள்ளைம்மா” என்றேன். “நான்தான் மாத்தி எழுதினேன்.”

“எதுக்கு?”

“உங்களுக்கு நெஜமாவே கண்ணு தெரியாதான்னு பாக்கறதுக்கு.”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். “பாத்தாச்சா?” என்று மட்டும் கேட்டார்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அங்கே அழுகிற உரிமை எனக்கு இல்லை என்பதால் அடக்கிக்கொண்டேன். அதிகாரி என்னை நோக்கிக் கடுமையாகச் சிலது சொன்னார், அத்தனையும் சரி. மாமா எழுந்து அந்த அம்மாளைக் கும்பிட்டார். கும்பிட்டது அவருக்குத் தெரியாது என்று நினைவு வந்து, “மன்னிச்சிரும்மா, எங்க வீட்டுத் தப்பு” என்று வாயால் சொன்னார். பிறகு என்னிடம், “இங்கயே மாத்து” என்றார்.

கொட்டிவாக்கத்துக்குப் போன் போட்டேன். தோழி என்னிடம் எதுவும் கேட்காமல், நான் சொல்லச் சொல்ல எழுதினாள். வெள்ளைக்கு வெள்ளை என்று, மூன்று கறுப்புக்கும் கறுப்பு என்று. பத்து நிமிடம் ஆனது.

அந்த அம்மாள் மறுபடி தளத்தைத் திறந்தார். முருகனைத் தாண்டினார். மஞ்சளும் பச்சையும் கடந்து போயின. இந்தத் தடவை எதற்கும் முகம் மலரவில்லை. “கறுப்புப் பட்டு, அரக்கு பார்டர், நெருக்கமான ஜரிகை” என்றது போன். விரலை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். அது அதையே சொன்னது. மூன்றாவது முறையும் கேட்டார்.

பிறகு போனை மேசையிலிருந்து எடுத்து, பக்கத்தில் இருந்த மகளிடம் நீட்டினார்.

“நீ பாத்துச் சொல்லுடி. கறுப்புதானா?”

“கறுப்புதாம்மா” என்றாள் மகள். அதன் பிறகுதான் அவர் வாங்கினார்.